தண்ணீர் போன பக்கம்

எஸ்டேட் பள்ளியில் ஐந்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களே,

குரூப்பில் கடைக்காரர் மகன் போட்டிருக்கும் டூர் விவரத்தை நானும் பார்த்தேன். மூன்று நாள், ஏசி வேன், கடலோர ஹோம்ஸ்டே, படகு சவாரி, அலையாத்திக் காடு, பறவை பார்த்தல், கயிறு திரிக்கும் கிராமம். நம்மில் பாதிப் பேருக்கு மூட்டு வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. இந்த வயதில் துடுப்புப் போட ஆசை வந்திருக்கிறது, நல்லது. எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டீர்கள். நான் மட்டும் பதில் போடவில்லை.

போன வாரம் பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் கடைக்காரர் மகன் என்னை நிறுத்திக் கேட்டான். "ஏனுங்க டீச்சர், நீங்க வர்றீங்களா இல்லீங்களா? உங்க தம்பியைக் கூப்பிட்டா, கடலா, ஆளை விடுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுப்புட்டாருங்க. அக்காளுக்கும் தம்பிக்கும் கடல் மேல அப்படி என்னங்க கோவம்?"

கோபம் எல்லாம் இல்லை. அந்தக் கடற்கரைக்கு நாங்கள் ஏற்கனவே ஒரு முறை போயிருக்கிறோம். அங்கே நடந்தது என்று என் தம்பி சொல்லும் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பிள்ளைகளின் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லியிருக்கிறான். அந்தக் கதை பொய். அவன் பொய்யனில்லை, நான்தான். முழுக்க எழுதிவிடுகிறேன். வரிசை அங்கங்கே பிசகலாம். எனக்கே பல இடங்களில் குழப்பம்தான்.

மழை பொய்த்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். மாசி மாதம் தேயிலைச் செடியில் கொழுந்து இல்லை. ஃபேக்டரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மிஷின் ஓடியது. அப்பா ரோலர் மிஷினில் வேலை செய்தவர். மிஷின் ஓடாத நாட்களில் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்போதுதான் லாரி மாமா வந்து சொன்னார். எஸ்டேட் லாரி ஓட்டினாரே, அவர்தான். நம்மையெல்லாம் பள்ளிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார், கூரையில் தட்டினால் நிறுத்துவார். அவர் ஊர் நாடுகாணி மலை இறங்கி, நிலம்பூர் தாண்டி, கேரளத்துக் கடல் ஓரம்.

"சும்மா இருந்து சண்ட கூடறதுக்கு, எண்ட நாட்டுக்கு வாங்கண்ணே. பத்து நாள் மீன் தின்னுட்டு வரலாம்" என்றார்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. பயணத்துக்காக அவனுக்கு நீல வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கினார்கள். அதுவரை அவன் வெறுங்காலன். நாடுகாணி இறக்கத்தில் அவன் வாந்தி எடுத்தபோது, செருப்பில் படக் கூடாது என்று இரண்டு காலையும் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டான்.

அந்த ஊரில் எனக்கு முதலில் குழப்பம் தந்தது கடல் இல்லை, தரை. மேடே கிடையாது, இறக்கமும் கிடையாது. நடந்தால் முழங்கால் எதற்கோ காத்திருந்து ஏமாந்துபோகிறது. நம் எஸ்டேட்டில் எங்கே நின்றாலும் ஃபேக்டரிக் கூரை தெரியும், வீடு அதற்கு மேலேயா கீழேயா என்று தெரியும். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை மரம். ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாமாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கழி. கடலில் போய்ச் சேரும் அகலமான உப்புத் தண்ணீர் ஓடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் மட்டையை அதன் ஓரத்தில் ஊறப்போட்டிருப்பார்கள். அழுகல் நாற்றம் முதல் நாள் குமட்டியது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. இன்று எங்காவது அந்த நாற்றம் அடித்தால் எனக்குக் கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும் நினைவு வந்து பசிக்கிறது, இது என்ன கோளாறோ.

சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. காலையில் ஈர மணலைத் தோண்டி நண்டு துரத்துவோம். மாமாவின் மனைவி, நாங்கள் அத்தை என்று கூப்பிட்டோம், எனக்கு ஒரு பால் மாவு டின் கொடுத்தார். அது நிறையச் சிப்பி சேர்த்தேன். அப்பா வாழ்க்கையில் முதல் முறையாகப் பகலில் படுத்துத் தூங்கினார்.

அம்மா மட்டும் கடலுக்கு முதுகு காட்டியே உட்காருவாள். சிலோனில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த நாளெல்லாம் அவளுக்கு அப்படியே இருந்தது. பெரியம்மா இந்தியக் குடியுரிமைப் பேப்பர் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா எழுந்து தண்ணீர் ஓரம் போய் நின்றாள். தலையில் இருந்த பூவைப் பிய்த்து அலையில் போட்டாள். "அக்கா இந்நேரம் கொழுந்து நிறுத்துட்டு லயத்துக்குத் திரும்பியிருக்கும்" என்று அழுதாள்.

லாரி மாமாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சேச்சி, இது அந்தக் கடல் இல்ல. இந்தப் பக்கம் போனா அரபு நாடு. சிலோன் அங்ஙன, நம்ம முதுகுக்குப் பின்னால."

அம்மா திரும்பித் தென்னந்தோப்பைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள், அழுத கண்ணோடு. இரண்டு நாள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் சரியான திசையைப் பார்த்திருக்கிறாள். எங்கள் குடும்பத்துக்குத் திசையில் ஏதோ ராசியில்லை.

ஐந்தாம் நாள் காலை, கழியோரமாகக் கொஞ்ச தூரம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று நானும் தம்பியும் கேட்டோம். அத்தைக்கு இஷ்டமில்லை. அப்பாதான் பெருமையாகச் சொன்னார், "எம் புள்ள மலையிலேயே வழி தப்பாதும்மா. கண்ணக் கட்டி விட்டாலும் ஃபேக்டரிக்கு வந்துரும்." பிறகு என்னிடம், "தம்பி ஒன் பொறுப்பு" என்றார்.

அது என்ன சூட்சுமம் என்று உங்களுக்குத் தெரியும். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அம்மா அடிக்கடி சொல்வாள், "பனில வழி தப்புனா கத்திக்கிட்டு நிக்காத. ஓடையப் புடிச்சிக் கீழ எறங்கு. ஃபேக்டரி வந்துரும்." நம் ஃபேக்டரி ஓடையோரம் இருந்ததால் யாருக்கும் தப்பியதில்லை. நீங்களும் அப்படி இறங்கி வந்தவர்கள்தான்.

கழியோரம் நடக்கும்போதே நான் கவனித்துக்கொண்டேன். தண்ணீர் எங்களுக்கு எதிரே வந்தது, எங்களைத் தாண்டி வீட்டுப் பக்கம் போய்க் கடலில் சேர்ந்தது. ஆக, திரும்பும்போது தண்ணீரோடு போனால் வீடு. வேலை முடிந்தது என்று நினைத்தேன். வழியில் தம்பி கரையில் குந்தி மீன் பார்த்தான். வலது கால் செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்தது. நான் குச்சி தேடுவதற்குள் நீல வாரைக் காட்டிக்கொண்டு அது கடல் பக்கமாகப் போய்விட்டது. அவன் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த மீன்கொத்தி பறந்தது. அப்பா வேறு வாங்கித் தருவார் என்று ஒரு பொய் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

கொஞ்ச தூரத்தில் தோப்புக்குள்ளிருந்து தப்பு தப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஊறிய மட்டையைக் கட்டையால் அடித்து நார் எடுக்கிறார்கள். எங்களைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரித்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, தம்பியை மடியில் மாற்றி மாற்றி வைத்துக் கொஞ்சினார்கள். அவன் செருப்பை மறந்தான். நான் நேரத்தை மறந்தேன். வெயில் சாயும்போது ஒரு அக்கா எங்களைக் கழிக்கரை வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். காலையில் கழியை விட்டு விலகிய இடம் அதுவல்ல. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது.

நான் கலங்கவில்லை. ஒரு இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டேன். இலை இடது பக்கம் போனது.

"வா, இந்தப் பக்கம்தான்" என்றேன்.

தம்பி நகரவில்லை. "இல்லக்கா. நாம அந்தப் பக்கத்துலேருந்து வந்தோம்" என்று வலது பக்கம் கை காட்டினான்.

நங்கென்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். "ஒனக்குத் தெரியுமா, தண்ணிக்குத் தெரியுமா?"

அந்தக் குட்டு இப்போதும் என் விரல் முட்டியில் இருக்கிறது. தண்ணீரோடு நடந்தோம். வீடு வரவில்லை. கரை சேறாகியது. சேற்றிலிருந்து விரல் விரலாக வேர் நீட்டும் மரங்கள் வந்தன, காலையில் பார்க்காதவை. கடலின் இரைச்சல் கேட்க வேண்டும், கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தம்பியை இழுத்தேன். மறுபடியும் இலை போட்டுப் பார்த்தேன். இலை முன்னால்தான் போனது.

அப்போது செருப்பு வந்தது.

காலையில் கடல் பக்கம் போன அதே செருப்பு. எங்களுக்குப் பின்னாலிருந்து மிதந்து வந்து, எங்களைத் தாண்டி, முன்னால் போனது. தம்பி கைகொட்டிச் சிரித்தான். போன செருப்பு எப்படித் திரும்பி வரும்? செருப்பு பொய்யா, தண்ணீர் பொய்யா, நான் பார்ப்பது பொய்யா? பேய் வேலைதான் என்று முடிவு செய்து, தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஓடியது செருப்பு போன திசையிலேயேதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வீச்சு வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த ஒருவர் எங்களைப் பார்த்தார். ஒல்லியான மனிதர், தலையில் தோர்த்துத் துண்டு, காது மடலில் பீடி. "மோளே, எங்ஙோட்டா ஓடுனது?" என்று கரையேறி வந்தார். நான் கத்தினேன். "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று பயப்பட வேண்டாமென இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். மூச்சு வாங்க லாரி டிரைவர் வீடு என்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு, நாங்கள் வந்த வழியைக் காட்டினார். வீடு அங்கே, வெகு தூரம் பின்னால்.

பையிலிருந்த அவித்த கப்பையை எடுத்துக் கொடுத்தார். தம்பி தன் வெறுங்காலைக் காட்டி, செருப்பு போன பக்கத்தையும் காட்டினான். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி, வேரில் சிக்கியிருந்த செருப்பை எடுத்துவந்தார். பிறகு எங்களைத் தோணியில் ஏற்றி, ஒரு நீள மூங்கிலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். அன்று காலையிலிருந்து எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அந்த மனிதர் நல்லவர் என்பதுதான். இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

பாதி வழியில், இருட்டத் தொடங்கும்போது, கரையில் அப்பாவும் லாரி மாமாவும் ஓடி வந்தார்கள். வலைக்காரர் தோணியைக் கரையில் ஒதுக்கி எங்களை இறக்கினார். தம்பி ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்துக் குனிந்து, அவன் காலைப் பிடித்துச் செருப்பை மாட்டப் போனார். அப்பா வந்து பார்த்தது அதைத்தான். யாரோ ஒரு ஆள் தன் மகன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"யாரு ஒங்கள இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்தது?" என்று அப்பா என்னிடம் கத்தினார்.

வழி தப்பாத மகள் வழி தப்பிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். தம்பி சரியாகச் சொன்னான், நான் குட்டினேன் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் திரும்பிப் போனது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கையில்லை. என் கை எழுந்தது. அந்த மனிதரைக் காட்டியது.

லாரி மாமா குறுக்கே விழுந்தார். "அண்ணே, வேண்டா. இவன எனக்குத் தெரியும். பாவம், வல வீசிப் பொழைக்கிறவன்."

"அப்ப எம் புள்ள பொய் சொல்லுதா?" என்று அப்பா அறைந்தார். ஒரு அறை இல்லை, மூன்று. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டோம். அத்தை உள்ளிருந்து வெளியே வரவில்லை. பஸ்ஸில் லாரி மாமா எங்களோடு உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். லாரி நமக்காக நிற்பதில்லை. கூரையில் தட்ட யாரும் ஏறவில்லை. நாம் எல்லோரும் தேயிலைக் காட்டு வழியே நடந்து பள்ளிக்குப் போனோம், லாரி புழுதி கிளப்பிக்கொண்டு நம்மைத் தாண்டிப் போகும். மாமாவுக்குத் திமிர் வந்துவிட்டது என்று நீங்கள் திட்டுவீர்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

ஊர் வந்து ஒரு வாரம் கழித்து, மறந்துவிட்டு வந்த பால் மாவு டின் எங்கள் வாசல்படியில் இருந்தது, லாரி மாமாதான் வைத்திருக்க வேண்டும். சிப்பி ஒன்றுகூடக் குறையவில்லை. நான் அதை எடுத்துப்போய்ச் செடி அடியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டேன். டின்னை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

அப்பா இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். முதலில் அந்த ஆளுக்கு மீசை முளைத்தது. பிறகு கத்தி வந்தது. அடுத்த வருஷம் கூட இரண்டு ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். "எம் பொண்ணு மட்டும் கை காட்டலேன்னா, பயல இந்நேரம் எங்கயோ வித்திருப்பானுக" என்று முடிப்பார், என் தலையைத் தடவுவார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த தம்பிக்கு அது கதையாக இல்லை, தனக்கு நேர்ந்ததாகவே ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் பெரிய வேலையில் இருந்தான். ஆனாலும் பிள்ளைகளைத் தெருமுனைக் கடைக்கு அனுப்ப மாட்டான். இப்போது பேரனை அனுப்ப மாட்டான். முகம் தெரியாதவர் வழி கேட்டால் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான். நீங்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வீர்கள். நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன்.

தண்ணீரின் கணக்கு எனக்குப் புரிந்தது டீச்சர் ஆன பிறகு. ஒரு நாள் பாடப் புத்தகத்தில் ஓதம் பற்றிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கடல் ஏறும்போது கழிகளில் நீர் உள்நோக்கிப் பாயும், இறங்கும்போது கடலை நோக்கிப் பாயும். புத்தகத்தை மூடிவிட்டேன். பிள்ளைகளை மைதானத்துக்கு விரட்டிவிட்டு, சுண்ணாம்புக் கட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலமே அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்பா இன்னும் பத்து வருஷம் இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் இருந்தது, என்ன காரணம் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. பொய் சொல்லாதே என்று பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவள் நான்.

டூர் விவரத்தில் அந்த ஊரின் பெயரைப் பார்த்ததிலிருந்து தள்ளிப்போட்டு, மூன்று நாளைக்கு முன்னால்தான் தம்பிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குட்டு உட்பட. அவன் வைத்துவிட்டான். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்றுக் காலை அவனே கூப்பிட்டான்.

"அப்பா அடிச்சாரே, அப்ப அவரு திருப்பி அடிச்சாரா?" என்றான். முதல் முறையாக அவர் என்று சொன்னான்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இல்லடா. அவரு கையில ஒன் செருப்பு இருந்துச்சி. மூணு அடிக்கும் அதக் கீழ போடல. அப்பா ஓய்ஞ்சதும் மறுபடியும் குனிஞ்சி, ஒன் கால்ல அத மாட்டிவிட்டுட்டுத்தான் போனாரு."

வைத்துவிட்டானோ என்று போனை இரண்டு தடவை பார்த்தேன்.

"அந்தச் செருப்பு எனக்கு ஞாபகம் இருக்குக்கா" என்றான். "யாரு மாட்டிவிட்டதுன்னுதான் தெரியாம இருந்துச்சி."

அவர் இருப்பாரா என்பது சந்தேகம்தான். பெயர்கூட எனக்குத் தெரியாது. வீடு கிடைக்குமா, கிடைத்தால் யாரிடம் என்ன சொல்வது, எதுவும் தெரியாது. நீங்கள் படகில் போய்ப் பறவை பாருங்கள். நாங்கள் கழியோரம் நடந்து, வலை வீசுகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டு போகிறோம். இந்தத் தடவை வழியை அவன் சொல்லட்டும்.

கடைக்காரர் மகனே, வேனில் எனக்கு ஒரு சீட் போதாது. இரண்டு போடு. தம்பிக்கு ஜன்னலோரம் கொடு, நாடுகாணி இறக்கத்தில் அவனுக்கு இன்னமும் வாந்தி வரும்.